இரண்டு ருஷ்யப் பெண்களும் மாமாவின் மொழிபெயர்ப்பும்

எனக்குப் பதினொரு வயது நடந்த வருசம், இரண்டு ருஷ்யப் பெண்கள் எங்கள் பள்ளிக்கூட முற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் வரவில்லை, பாட்டுத்தான் வந்தது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு ஆங்கிலத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தது. என்னிடமும் பெரியம்மாவின் மகளிடமும் இருந்தது வேறு. அதே தட்டு, ஆனால் அவர்கள் முதன்முதலில் தங்கள் மொழியிலேயே பாடியது. பாரிசை ஒட்டிய சென் தெனிச் சந்தையில் காலுறைகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்ததைப் பெரியம்மாவின் மகள் கண்டெடுத்தாள். அட்டையில் சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றன. ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே மற்றப் பிள்ளைகளைவிட நாங்கள் ஒரு படி மேலே என்று நினைத்தோம்.

மூன்று வாரத்தில் ஒரு பாட்டை முழுதாகப் பாடமாக்கிவிட்டோம். அவள் மேல்குரல், நான் கீழ்க்குரல். அந்தப் பெண்களைப்போலத் தோளோடு தோள் ஒட்டி நின்று, எங்கோ தூரத்தில் எதையோ தொலைத்தவர்களைப்போலப் பார்க்கவும் பழகினோம். இவ்வளவு திறமையை வீட்டுக்குள் வைத்திருப்பது அநியாயம் என்று எனக்குப் பட்டது. தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் நேராக அதிபரிடம் போய், இந்த முறை நாங்கள் ருஷ்யப் பாட்டுப் பாடப்போகிறோம் என்று அறிவித்தேன். அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதிபர் ஒபர்வில்லியேயில் ஒரு பண்டகசாலையில் கணக்கெழுதியவர். புதன்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு இலக்கணம் படிப்பித்தார். தமிழ் விழாவில் ருஷ்யாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். தமிழ் உலகத்து மொழிகள் எல்லாவற்றையும் மதிக்கிறது என்று அவரே போன வருசம் மேடையில் பேசியதை நான் ஞாபகப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். பாட்டின் கருத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வர வேண்டும், அவர் வாசித்துப் பார்ப்பார், கெட்ட கருத்து இல்லையென்றால் முதலில் அதை ஒலிவாங்கியில் வாசித்துவிட்டுப் பாடலாம்.

அவர் எங்களைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். எங்கள் வீட்டிலேயே ருஷ்ய மொழி தெரிந்த ஒருவர் இருந்தது அவருக்குத் தெரியாது.

அது என் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் ஒரு வருசமும் இரண்டு மாதமும் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் அதைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவரும் மறுக்கவில்லை. தொலைபேசி இலக்கங்களை ருஷ்ய மொழியில் சொல்லிக் காட்டுவார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மெத்ரோ நிலையத்துக்குக் கீழே சிகரெட் விற்ற ஒரு வெள்ளைக்காரனோடு ஒருமுறை நாலு சொல் கதைத்தார், அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அவருடைய பாண்டித்தியத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. உணவகம் ஒன்றில் சமையலாளராக வேலை. மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து எங்கள் சோபாவில் படுத்திருப்பார்.

நானும் பெரியம்மாவின் மகளும் ஒரு சனிக்கிழமை அவரை எழுப்பி, காதில் பாட்டை மாட்டி, கையில் பேனையும் கொப்பியுமாக முன்னால் உட்கார்ந்தோம். முதலில் தலையிடிக்கிறது என்றார். பிறகு ருஷ்யர்கள் பாட்டில் வேகமாகக் கதைப்பார்கள் என்றார். நான் விடவில்லை. விழாவுக்கு லா சப்பல் முழுக்க வரப்போகிறது, இது இல்லாவிட்டால் எங்கள் மானம் போய்விடும் என்றேன். யார் யார் வருவார்கள் என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். சேலைக்கடை அங்கிளின் மகள் திருக்குறள் சொல்கிறாள் என்றதும் என்னை நிறுத்தினார்.

“அவரும் வருவாரோ?”

“ஓம் மாமா. முதல் வரிசையிலைதான் இருப்பார்.”

சேலைக்கடை அங்கிளை மாமாவுக்குப் பிடிக்காது என்பது என் முடிவு. எங்கள் தெருவில் அவருடைய கடை வரும்போதெல்லாம் மாமா மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவார். அங்கிளோ மாமாவை எங்கே கண்டாலும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்பார். பெண் பார்த்து வைத்திருக்கிறார், மாமாவுக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை என்று நானும் பெரியம்மாவின் மகளும் எப்போதோ கண்டுபிடித்திருந்தோம்.

மாமா எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்தார். பாட்டைத் திரும்பவும் போடச் சொன்னார். மூன்று தரம் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு, “எழுது பிள்ளை” என்றார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எழுதியது இது:

“சத்தம் போடாதே, சன்னல் பக்கம் போகாதே. கீழே யாரோ நடக்கிறார்கள், அவர்கள் போகட்டும். ஓர் அறையில் நாங்கள் பதினேழு பேர். உனக்கு ஒரு உருளைக்கிழங்கு, எனக்கு ஒன்று. நாளைக்குப் போகலாம் என்கிறார்கள், ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்கிறார்கள். நண்பா, நீ இருமுகிறாய். கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு இருமுகிறாய், எங்களுக்காக. டொக்டரைக் கூப்பிடுவோம் என்றேன், கதவைத் திறக்க விடவில்லை. மூன்றாம் நாள் விடிய நீ இருமவில்லை. உன் அண்ணன் அனுப்பிய மண்ணிறச் சப்பாத்தை நீதான் எனக்குத் தந்தாய். அதைப் போட்டுக்கொண்டு எல்லை கடந்தேன். உன்னை வெள்ளை மரங்களுக்குக் கீழே விட்டோம். பனியாக இருந்தது, ஆனால் கையால் கிண்டினோம். நாலு பேர் நின்றோம். தேவாரம் ஒன்று சொன்னோம்.”

பெரியம்மாவின் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ருஷ்யப் பெண்கள் தேவாரம் சொல்வார்களா என்று கேட்டாள். அவர்களுடைய தேவாரம் என்றார் மாமா. சப்பாத்து ஏன் வருகிறது என்று நான் கேட்டேன். அங்கே குளிர், எல்லாப் பாட்டிலும் சப்பாத்து வரும் என்றார். எனக்குத் திருப்தி. இருமல் சுகமாகிவிட்டது, சிநேகிதிகள் சப்பாத்து மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், மரத்தடியில் பிரிகிறார்கள். கெட்ட கருத்து ஒன்றுமில்லை. அதிபர் இரண்டு தரம் வாசித்தார். யார் மொழிபெயர்த்தது என்று கேட்டார். சொன்னேன். ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி, சரி என்று திருப்பித் தந்தார்.

விழா ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். அந்தப் பெண்களைப்போலக் கட்டைப் பாவாடை போட அம்மா சம்மதிக்கவில்லை. பட்டுப்பாவாடைக்கு மேல் அப்பாவின் கழுத்துப்பட்டிகளைக் கட்டிக்கொண்டோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் விடாத மாமா அன்று லீவு எடுத்திருந்தார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டையோடு வந்து, கதிரை காலியாக இருந்தும் உட்காராமல், பின்சுவரோடு நின்றார்.

கருத்தை நான்தான் வாசித்தேன். ஒலிவாங்கியை எட்டிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, பேச்சுப் போட்டியில் செய்வதுபோல வாசித்தேன். தொடக்கத்தில் பிள்ளைகள் ஓடித் திரியும் சத்தம் இருந்தது. பதினேழு பேர் என்ற இடத்தில் ஆண்கள் சிலர் கதையை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள். உருளைக்கிழங்கு வந்தபோது சபை அடங்கிவிட்டது. இது என் குரலின் வெற்றி என்று எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மண்ணிறச் சப்பாத்தை வாசித்தபோது முதல் வரிசையில் சேலைக்கடை அங்கிள் எழும்பினார். நின்றபடியே கடைசிச் சொல்வரைக்கும் கேட்டார். பிறகு கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போய்விட்டார். பாட்டு இன்னும் தொடங்கவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. பின்சுவரைப் பார்த்தேன், மாமாவும் அங்கே இல்லை.

பாடினோம். நன்றாகத்தான் பாடினோம். கைதட்டல் கிடைத்தது. இரண்டு பெண்மணிகள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், நாலு வருசம் கழித்து எனக்குத் தெரியவந்ததைச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வயதில் அந்தப் பாட்டின் உண்மையான கருத்தை இணையத்தில் தேடிப் பிடித்தேன். இரண்டு பேர் கோபித்துக்கொள்கிறார்கள், பிறகு கோபம் தீர்கிறது, அவ்வளவுதான். உருளைக்கிழங்கும் இல்லை, சப்பாத்தும் இல்லை. சபை முன்னால் பொய் வாசிக்க வைத்துவிட்டாரே என்று மாமாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ருஷ்யப் பாட்டு அது ஒண்டுதான் பிள்ளை” என்றார்.

மிச்சத்தை அன்று அம்மா சொன்னார். சேலைக்கடை அங்கிளின் தம்பியும் மாமாவும் ஒன்றாகப் புறப்பட்டவர்கள். காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர்கள் மொஸ்கோவில் ஒரு தொடர்மாடியில் அவர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். தம்பியை வேறு வாகனத்தில் ஏற்றினார்கள், எங்கே போனார் என்று தெரியாது என்று இங்கே வந்த முதல் நாளில் மாமா அங்கிளிடம் சொல்லிவிட்டார். அதற்கு முன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது அங்கிள் தம்பிக்காக ஆயத்தம் செய்து வைத்திருந்த கட்டிலைக் காட்டினாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருச்சந்திப்பிலும் அதே கேள்வி, அதே பதில். விழா முடிந்த மாதம் அங்கிள் வீட்டில் நடந்த பெரிய சாப்பாட்டுக்கு நாங்களும் போனோம். மாமா அவருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு இருந்தார். அது தம்பி செத்ததற்குச் செய்த அந்தியேட்டிச் சடங்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது. வடை நன்றாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்றைய நாளுக்கு வருகிறேன். மேடையை விட்டு இறங்கியதும், பாதியில் எழும்பிப் போனவரை விசாரிக்க நான் வெளியே ஓடினேன். மண்டபத்துக்கு முன்னால் நடைபாதையில் அங்கிளும் மாமாவும் நின்றார்கள். மாமா குனிந்து நின்றார். அங்கிள் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாமாவின் வெள்ளைச் சட்டை தோளில் நனைந்திருந்தது. மழை எதுவும் பெய்யவில்லை. நான் அங்கிளுக்கு முன்னால் போய் நின்று, என் பங்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் குந்தி இருந்து என் முகத்துக்கு நேரே வந்தார்.

“வடிவாச் சொன்னீங்கள் பிள்ளை. நாலு வருசமாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.”

நாலு வருசமாக ஒரு பாட்டின் கருத்துத் தெரியாமல் ஒரு பெரிய மனிதர் அலைந்திருக்கிறாரே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அந்தப் பாட்டு வெளிவந்தே அவ்வளவு காலம் ஆகவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அவரைத் தேற்றுவது என் பொறுப்பு என்று பட்டது.

“கவலைப்படாதேங்கோ அங்கிள்” என்றேன். “அந்தத் தட்டிலை இன்னும் பாட்டுகள் இருக்கு. எல்லாத்தையும் மாமாவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்.”

மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அங்கிள் சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தலையாட்டுவதுபோல எனக்குத் தலையாட்டினார்.

“ஓம் பிள்ளை” என்றார். “ஒண்டும் விடாமல் கேட்டுச் சொல்லுங்கோ.”