சுகுணா அக்கா மாற்றிக்கொண்டு வந்த குரல்

அன்று கிருத்திகையும் இல்லை, வேறு விசேஷமும் இல்லை. திருத்தணி மலையடியில் படி ஏறுகிற இடத்தில் இருக்கும் என் கடையைத் திறந்து, பூசைத் தட்டுகளில் தேங்காய், பழம், கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ரோஜா போன் செய்தாள். சுகுணா அக்கா மகளாக ஏற்று வளர்த்த பெண் அவள்; அக்காவைப் போலவே திருநங்கை. "சித்தி, அம்மா பூட்டாங்க" என்றாள். முந்தின நாள் நெஞ்சு வலி என்று அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரோஜாவைத் துணைக்கு வைத்துவிட்டு, காலையில் இட்லி கொண்டுவருகிறேன் என்று சொல்லி வந்தவள் நான். "ஆங்" என்று மட்டும் சொன்னேன். எதிரில் தட்டுக்காகக் கை நீட்டி நின்ற ஆளுக்குத் தட்டைக் கொடுத்தேன். அவர் படியேறிப் போன பிறகுதான் உட்கார்ந்தேன்.

காரியத்துக்கு வந்த உங்களில் பாதிப் பேர் அக்காவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் போனில் பேசிப் புடவை வாங்கியவர்கள். படத்தில் மாலைக்கு நடுவே இருந்த முகத்தைப் பார்த்து, அக்கா எப்படிப்பட்டவர் என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்கு நாலு பேர் நடுவில் நின்று பேச வராது. எழுதினால் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்று ரோஜா சொன்னாள். ஐந்தாவது வரை படித்தவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரே வீட்டில் மாடி அறையில் அக்கா, கீழே நாங்கள். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடம் பருத்திப் புடவைகள் எடுத்து வந்து, மொட்டை மாடிக் கொடியில் விரித்துப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புவார். கடை போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். கடை போட்டால் ஆளைப் பார்ப்பார்கள், புடவையைப் பார்க்கமாட்டார்கள் என்றார். ஆனால் போனில் வேறு தொல்லை. அக்காவின் குரல் கட்டைக் குரல். எடுத்ததும் "சொல்லுங்க சார்" என்பார்கள். வீட்டில் மேடம் இல்லையா என்பார்கள். அக்கா கோபப்படமாட்டார். "இருக்காங்க, நீங்க சொல்லுங்க" என்று வியாபாரத்தைப் பேசி முடிப்பார். போனை வைத்த பிறகு, மடித்து வைத்த புடவையையே பிரித்துத் திரும்ப மடிப்பார். அதைப் பார்த்தால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் போன் அடித்ததும் என் கையில் கொடுத்து, நீ பேசு என்றார். படியேறுகிறவர்களைக் கூவிக் கூவிக் கூப்பிட்டுத் தேய்ந்த தொண்டை என்னுடையது. நகரியிலிருந்து பேசிய அம்மா, "அண்ணா, வீட்டுக்காரம்மாகிட்ட குடுங்க" என்றார். நான் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா "சொல்லுங்கம்மா" என்றார். "இன்னா அண்ணா, உங்க வீட்ல பொம்பளைங்களே கெடையாதா?" என்று அந்த அம்மா கேட்டது எனக்கே காதில் விழுந்தது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"உனுக்கும் ஆம்பள கொரலுதான் கோவிந்தம்மா. ஆனா அதுக்காக நீ ஒருநாளும் அழுததில்ல. உன்ன யாரும் சந்தேகப்படல, அதான்."

 

அதன் பிறகு சென்னையில் குரல் பயிற்சி தருகிற ஒரு அம்மாவிடம் ரயிலில் போய் வந்தார். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் "ம்ம்ம்" என்று இழுப்பார். கீழே என் வீட்டுக்காரர், மாடியில் பசு மாடு கட்டியிருக்கிறதா என்று கேலி செய்வார். குரல் நன்றாகத்தான் மாறியது. ஆனால் அசந்திருக்கும்போது, தும்மினால், விழுந்து விழுந்து சிரித்தால், பழைய குரல் வந்து நின்றுவிடும். "எந்நேரமும் கதவுக்குக் காவல் நிக்கிற மாதிரி கீது" என்பார். சிரிப்பதையே குறைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆபரேஷன் உண்டு, இங்கேயும் செய்கிறார்கள் என்று பயிற்சி அம்மா சொன்னார். அக்கா தாய்லாந்துக்குப் போக வேண்டும் என்றதற்கு ஒரே காரணம்தான். அங்கே செய்துகொண்டு வந்த ஒரு பெண்ணோடு போனில் பேசியிருக்கிறார். முகம் தெரியாது, வயது தெரியாது. பேச ஆரம்பித்ததுமே தன் வாய் தானாக அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுவிட்டதாம். எனக்கும் அந்த டாக்டர்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு பேசக்கூடாது என்பதால் கூட ஆள் வேண்டும். ரோஜாவிடம் பாஸ்போர்ட் இல்லை. எனக்கும் இல்லைதான், ஆனால் அக்கா கேட்டபோது நான் சரி என்று சொல்லிவிட்டேன். "பேசாம இருக்கறதுக்கு யாராவது பிளேன் ஏறிப் போவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அலைந்து திரிந்து என் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கட்டிக்கொண்டு பாங்காக் போனோம். அங்கே டாக்டர் கண்ணாடிப் பலகையில் படம் வரைந்து காட்டினார். கழுத்தில் வெட்டமாட்டார்கள். வாய் வழியாகவே உள்ளே போய், குரல் நாண்களின் முன்பக்கத்தைச் சேர்த்துத் தைப்பார்கள். நாண் குட்டையானால் குரல் மேலே ஏறும். அக்காவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். கடைசியாக டாக்டர் சொன்னதை மட்டும் உடனே சொல்லவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னார். "இனிமே கத்த முடியாதாம். கொரலு சின்னதாப் பூடுமாம்."

திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன்.  தங்கியிருந்த ஓட்டலின் மொட்டை மாடிக்குச் சாயங்காலம் என்னைக் கூட்டிப் போனார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் நம்ம ஊர் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? சூரியன் இறங்குகிற பக்கத்தைக் கைகாட்டினேன். அந்தப் பக்கம் திரும்பி நின்று, இருக்கிற குரல் முழுவதையும் எடுத்து "அரோகரா" என்று ஒரு சத்தம் போட்டார். அதுவரை தன் குரலை அடக்கி அடக்கியே பேசிய மனுஷி. அவ்வளவு பெரிய குரல் உள்ளே இருந்தது எனக்கே தெரியாது. காவல்காரர் படியேறி ஓடி வந்தார். நாங்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டோம். பாவம், அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுக் கீழே போனார். "ஆச்சு, வா" என்றார் அக்கா. அந்தக் குரலில் கடைசியாக அவர் சந்தோஷமாகப் பேசியது அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, இருமக்கூடாது. எல்லாம் போனில் எழுதிக் காட்டுவார். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அவர் என் குரலைக் கேட்டு, அக்காவை விட்டுவிட்டு என் முகத்தையும் என் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சிரிக்கவும் முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் ஊர் வந்தது ஆடி மாதம். திருத்தணியில் ஆடி மாதம் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவடி எடுக்கிறவர்களில் வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு மௌன விரதம் இருக்கிறவர்கள் பலர். அக்கா வாயில் துணி கட்டிக்கொண்டு, யார் கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் கையாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊர் என்ன நினைக்கும்? சுகுணா முருகனுக்கு விரதம் இருக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது. வாடகை வாங்குகிறவர், மாடிப்படியை மிதித்தே இராத வீட்டுக்காரம்மா, பழத்தட்டோடு மேலே ஏறி வந்தார். பக்கத்துத் தெரு ஆட்கள் வந்து விபூதி கேட்டார்கள். இது விரதம் இல்லை, ஆபரேஷன் என்று நான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "ஆமாம்மா, வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாது" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா போனில் எழுதிக் காட்டினார்: "பேசாம இருந்தா எவ்ளோ மரியாதை பாத்தியா."

விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு அது பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. அதுவரை அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்கள் கும்பிட்டார்கள். வாயைத் திறக்கும் நாளில் அக்கா முதலில் சொல்கிற வார்த்தை முருகன் வாக்கு, அது பலிக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். பேசலாம் என்று டாக்டர் சொன்ன நாளைப் பொட்டிக்கடைக்காரர் ரோஜாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அன்று காலையில் மாடிப்படி முழுக்க ஆட்கள். பிள்ளை வரம் வேண்டி ஒரு பெண்ணைக்கூட அழைத்து வந்திருந்தார்கள்.

டாக்டர் போனில் முகம் பார்த்து, மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். அக்கா தண்ணீர் குடித்தார். கதவைத் திறந்து படி முனையில் வந்து நின்றார். முன்னால் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். சைக்கிள் டயரில் காற்று போகிற மாதிரி ஒரு குரல். ஆனால் மேலே ஏறியிருந்த குரல்.

"நான் வெரதம் இல்லம்மா. பொம்பள கொரலு வேணும்னு ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தேன். எனக்குக் கும்பிடு வேணாம். போன் பண்ணா அக்கான்னு கூப்புடுங்க, போதும்."

 இதுக்கா அவ்ளோ தூரம் போனே என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏமாந்த கோபத்தில் பலர் இறங்கிப் போனார்கள். வீட்டுக்காரம்மா கொடுத்த பழத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் மட்டும் படியிலேயே நின்று, வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அழும்போதும் சத்தம் வரக்கூடாதே என்று நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கையில் தானாக வந்த பெரிய மரியாதையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய சின்ன மரியாதையை வாய்விட்டுக் கேட்ட ஆள் என்று அவரைப் பற்றி நான் நினைத்துக்கொள்கிறேன்.

குரல் தேற மாசக்கணக்கானது. பிறகு போன் எடுத்தால் மேடம் என்றார்கள், அக்கா என்றார்கள். முதல்முறை அப்படிக் கேட்ட நாளை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அன்று தும்மலும் சிரிப்புமாக வீட்டில் வளைய வந்ததை வைத்து நானே கண்டுபிடித்தேன். காவல் வேலை முடிந்துவிட்டது. ஆனால் டாக்டர் சொன்னதும் நடந்தது. கூட்டத்தில் அக்காவின் குரல் கேட்காது. ஆட்டோவை நிறுத்தக் கைதட்ட வேண்டும். மலையில் எல்லோரும் அரோகரா போடும்போது அவர் வாய் மட்டும் அசையும். வருத்தமா என்று கேட்டேன். "தூரத்துல கீறவங்களுக்குக் கேக்கலன்னா போவுது. கிட்ட வர்றவங்களுக்குக் கேக்குதில்ல" என்றார்.

அக்காவின் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மணவூரிலிருந்து அவர் தம்பி வந்தார். கூடவே தம்பியின் மனைவி. வீட்டை விட்டு வந்ததிலிருந்து அக்காவோடு பேசாத குடும்பம். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; கணவனின் அண்ணனைப் பாவா என்றும் கணவனின் அக்காவை வதினா என்றும் கூப்பிடுவது வழக்கம். தம்பி வாசலிலேயே நின்று, எங்க அண்ணனை எங்க ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்றார். ரோஜா எழுந்து நின்றாள். சண்டை வரப்போகிறது என்று நானும் எழுந்தேன். அதற்குள் தம்பி மனைவி உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் முறை சொல்லித்தான் அழுவார்கள். அந்த அம்மா வாயெடுத்தபோது "வதினா, வதினா" என்றுதான் வந்தது. தம்பி திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அழுகையை நிறுத்தாமலே சொன்னார்: "நான் போன்ல பேசிகினுதான் இருந்தேன். அந்தக் கொரலை வேற எப்படிக் கூப்புடுறது?"

 தம்பி என்னிடம் வந்து, மாலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அக்காவை இங்கேயே, நாங்கள் செய்த முறைப்படியே அனுப்பி வைத்தோம்.

அவருடைய போன் ரோஜாவிடம் இருக்கிறது, வியாபாரத்தை அவள் பார்க்கிறாள். புடவைகளை நீங்கள் வாங்கி உடுத்தியிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். முன்பெல்லாம் யாராவது மெல்லப் பேசினால், காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லு என்று இருந்த இடத்திலிருந்தே கத்துவேன். அக்கா பாங்காக்கிலிருந்து வந்த பிறகு அது முடியவில்லை; அவரால் சத்தமாகச் சொல்ல முடியாது. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். இப்போதும் கடையில் யாராவது வயசானவர்களோ கூச்சப்படுகிற பெண்களோ முணுமுணுத்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் எழுந்து அவர்கள் பக்கத்தில் போகிறேன்.