படிக்கல்லுக்குப் பூசிய திருநீறு

என் இணைய அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படத்தை மட்டும் இன்றும் என்னால் பெரிதாக்கிப் பார்க்க முடிவதில்லை. பவளமும் சிப்பியும் அப்பிய, முழங்கை நீள இரும்புக் கட்டை. நடுவில் மூன்று குறி திருநீறு. ஓரத்தில் சுத்தியல் பிடித்த என் சின்னம்மாவின் கை. கனடாக் குளிருக்குள் இருந்துகொண்டு ஊர்ச் சங்கு, சோழி, பழைய செப்புக்காசு, ஆமையோடு என்று நான் சேர்த்து நடத்தும் அந்தத் தளத்தில் பாதிக்கு மேல் சின்னம்மா சாம்பல்தீவு வீட்டிலிருந்து படமெடுத்து அனுப்பியவைதான்.

அந்தக் கட்டை, சித்தப்பாவின் வலையில் துறைமுகத்துக்கு வெளியே ஏறியது. பார்த்த உடனேயே சின்னம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இது ஒல்லாந்தக்காரன்ரை படிக்கல்லு. பண்டகசாலையிலை மூட்டை நிறுக்கிறது." அவரோடு எதிர்த்துக் கதைக்க யாருக்குத் துணிவு? கச்சான் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் குசினிக் கதவுக்கு அதுவே முட்டுக்கொடுத்தது. பிள்ளைகள் நாங்கள் அதன்மேல் வைத்துத்தான் கொட்டங்காய் உடைத்துப் பருப்பெடுப்போம். ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதித்த ஒரு காலையில், சிப்பாய் ஒருவன் அதன்மேல் காலை வைத்துச் சப்பாத்துக் கயிறு கட்டினான். அவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஷெல் விழத் தொடங்கியதும் கட்டை, வளவில் வெட்டிய பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கியது. வாசலை மூடும் தகரத்தில் கட்டிய கயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கனமாய் ஒன்று தேவைப்பட்டது. ஒருநாள் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து எங்கள் தலையில் மண் கொட்டியபோது, சின்னம்மா என்னை இழுத்து அந்தக் கட்டையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். சிப்பி என் கன்னத்தைக் கிழித்தது. வெளியே வந்து பார்த்தால் தகரம் சல்லடை. எங்களுக்கு வேறு காயமே இல்லை. அன்றே அதற்குத் திருநீறு பூசினார். "இதுதானடா எங்களைக் காப்பாத்தினது, கும்பிடு" என்றார். நானும் கும்பிட்டேன். அன்று தொடங்கிய திருநீறு பிறகு நிற்கவேயில்லை.

பல வருடங்கள் கழித்து அதைத் தளத்தில் ஏற்றியபோது ‘ஒல்லாந்தர் கால எடைக்கல்’ என்று பெருமையாகத் தலைப்புப் போட்டேன். முத்திரை ஏதும் இருக்கிறதா பார்ப்போம், சிப்பியைக் கொஞ்சம் சுரண்டிப்போட்டு இன்னொரு படம் அனுப்புங்கோ என்று சின்னம்மாவிடம் கேட்டேன். படம் வந்தது. ஓரத்தில் சுத்தியல் பிடித்த அவர் கை; சுரண்டிய இடத்தில் செப்பு வளையம் ஒன்று மின்னியது. துள்ளிக் குதித்து அதையும் ஏற்றினேன். சிறிது நேரத்தில், கப்பற்படைப் பீரங்கிப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் படத்தின் கீழ் எழுதியிருந்தார்: இது எடைக்கல் அல்ல, உலகப்போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு. வெடிமுனை அப்படியே இருக்கிறது. தயவுசெய்து யாரும் தொடவேண்டாம்.

உடனே சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எப்படி எண்ணை அழுத்தினேனோ தெரியாது. மறுமுனையில் சின்னம்மாவின் குரலுக்கு முன்னால் டக், டக் என்று சத்தம் கேட்டது.

"சின்னம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"நீ கேட்ட வேலைதான். மற்றப் பக்கம் நல்லாய் இறுகிப்போய்க் கிடக்கு, சுத்தியலாலை தட்டுறன்."

"ஐயோ, தட்டாதேங்கோ! சுத்தியலைக் கீழை போட்டிடவும் வேண்டாம்! மெல்லமாய் எழும்பி வெளியாலை போங்கோ. அது ஷெல்!"

"உனக்கென்ன விசரே? படிக்கல்லடா இது."

கெஞ்சினேன், கத்தினேன், ஏசக்கூடச் செய்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நான் அழுகிற சத்தம் கேட்டுத்தான் எழும்பிப் போனார்.

பொலிசுக்குச் சொல்லி, குண்டு அகற்றுகிறவர்கள் வந்து, அயலவரை எல்லாம் தூரப் போகச் சொல்லிவிட்டு, அதைக் கடற்கரை மணலில் புதைத்து வெடிக்க வைத்தார்கள். சின்னம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தச் சத்தம் என் மேசைவரை வந்து என்னை உலுக்கியது. நாங்கள் கொட்டங்காய் உடைத்தது இதன்மேல். ஷெல்லுக்குப் பயந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். போர்க்காலம் முழுக்க, எவ்வளவு கிட்ட விழுந்தாலும் "தூரத்திலைதான், பயப்பிடாதை" என்று எங்களை அடக்கியவர் சின்னம்மா. அன்று அவரே குரல் நடுங்கக் கேட்டார்:

"அப்ப தம்பி, பங்கருக்குள்ளை எங்களைக் காப்பாத்தினது ஆரடா?"

தலைப்பை மாற்றிவிட்டேன். படத்தை எடுக்க மனம் வரவில்லை. அந்தக் கையையும் சுத்தியலையும் காணும்போதெல்லாம் என் விரல் தானாகக் கன்னத்துக்குப் போகிறது. சிப்பி கீறிய தழும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.