சுவருக்கு அந்தப் பக்கம் இடம் கேட்டவர்

காட்டூரில் என் தங்கை வீட்டில் இருந்தபோது செய்தி வந்தது. மருந்துக்கடையிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்றபடியே, "கம்பவுண்டர் அருளானந்தம் ஐயா விடியக்காலையில போயிட்டாருங்க டீச்சர். சாயங்காலம் அடக்கம்" என்றார். நான் அழவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நம் சபையாருக்குப் புரிந்திருக்கும்.

வெளியார் யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் நிற்கிறது. சாதிக் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பக்கம், சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பக்கம். உயிர்த்தெழும் நாளில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எக்காளம் ஊதுவார்களோ என்னவோ! அருளானந்தம் அண்ணன் இந்தப் பக்கத்துக் குடும்பம். நானும்தான்.

யுத்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபம் சொல்லும் முறை அவருக்கு வந்தது. வழக்கப்படி முதலில் பிரிட்டிஷ் சக்கரவர்த்திக்காக வேண்ட வேண்டும். அண்ணன் தேசத்துக்காக வேண்டினார், பசித்தவர்களுக்காக வேண்டினார், சிறையில் கிடப்பவர்களுக்காக வேண்டினார், ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானிக்கு முகம் சிவந்துவிட்டது. சபை மூப்பர் அவரைத் தனியே அழைத்து விசாரித்தார். "ராஜாதி ராஜான்னு ஒருத்தரைக் கூப்பிட்டுட்டேன். அவர் முன்னால இன்னொரு ராஜா பேரை எடுக்கக் கூச்சமா இருந்துச்சுங்க" என்றார் அண்ணன். மூப்பர் சொல்ல, மிஷன் ஆஸ்பத்திரி வேலை போயிற்று. கதர் கட்டிக்கொண்டு மறியலுக்குப் போனார், சிறைக்கும் போனார். அந்த நாட்களில் அவர் வீட்டு வாசற்படியை மிதித்த சபையார் யார் யார் என்று அவர் மனைவி ரூத் அக்காவைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முகம் இருந்தால்.

விடுதலையாகி வந்தவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் வீட்டில் விருந்து வைத்தார்கள். சிறையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து களி தின்றவர்கள் இவர்கள். மற்றவர்களுக்குக் கூடத்தில் இலை விழுந்தது. கிறிஸ்தவர் என்பதால் அண்ணனுக்கு மட்டும் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில். வக்கீல் கையைக் கூப்பிக்கொண்டு, "நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. ஆத்துல பெரியவா ஆசாரம் பாக்கறா" என்றாராம். அண்ணன் சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு, காவிரிப் பாலத்தில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்.

கேள்விப்பட்டதும் நான் அவர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். "இந்த நாட்டுக்காகவா அண்ணே ஜெயில்ல கிடந்தீங்க? வேதக்காரன்னா கொல்லையில இலை போடுறாங்க. இது உங்க தேசமா?" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அவங்க தாழ்வாரம் உங்க கண்ணுக்குத் தெரியுது டீச்சர். நம்ம சுவர் தெரியலையா? ரெண்டையும் ஒரே கொத்தனார்தான் கட்டியிருக்கான். தேசத்தை வெறுக்கிறதுன்னா நான் நம்ம சபையிலேருந்துல்ல ஆரம்பிக்கணும்?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் ஜெபித்ததை நீங்களும் கேட்டீர்கள். "ஆண்டவரே, பந்தியில் பேதம் செய்தோம், எங்களை மன்னியும்." செய்தோமாம்! நாமெல்லாம் நாட்டுக்காக ஜெபிக்கும்போது "அவர்கள் கண்களைத் திறந்தருளும்" என்றுதான் சொல்வோம். அப்படிச் சொன்னால் நம் கைக்கு அழுக்கு வராது. அண்ணன் வாயில் ஒருநாளும் "அவர்கள்" வந்ததில்லை. அவமானப்பட்டவரே அவமானப்படுத்தியவனோடு சேர்ந்து நின்று மன்னிப்புக் கேட்டால், கூட இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாக இருந்தது.

சுதந்திரம் வந்தது. கூடவே வடக்கிலிருந்து வெட்டு, குத்து, தீ என்று செய்திகள் வந்தன. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "இதுக்கா டீச்சர் கேட்டோம்?" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "போதும் அண்ணே. இனிமேலாவது இந்த நாட்டைக் கைகழுவிட்டு, நீங்க உண்டு உங்க ஜெபம் உண்டுன்னு இருங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "ஆண்டவரைச் சிலுவைக்குக் கொடுத்துட்டுக் கையைக் கழுவினவன் யாருன்னு வேதத்துல படிச்சவங்கதானே நீங்க?"

அந்த வாரமே சபைக் கூட்டத்தில் எழுந்து, தான் இறந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்க வேண்டும் என்று கேட்டார். "டில்லியில இருக்கிறவங்களைத் திருத்த எனக்குச் சக்தி இல்லை. என் பிணம் எங்கே போகணும்னு சொல்ற அதிகாரமாவது எனக்கு இருக்கில்ல?" என்றார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இந்தப் பக்கம் குழி வெட்டியாகிவிட்டது. பெட்டியின்மேல் மூவர்ணக்கொடி. தாழ்வாரத்தில் இலை போட்ட வக்கீல் மாலையோடு வந்து தியாகி என்றார். சக்கரவர்த்தியின் பெயரை விட்டதற்காக அவரை விரட்டிய நம் மூப்பர் தேசபக்தர் என்றார். அவர் கேட்ட இடம் என்னாயிற்று என்று ரூத் அக்கா அழுதுகொண்டே கேட்டபோது எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் விடாமல் கேட்டேன். "தேசம் வேற, தோட்டம் வேற டீச்சர். அவர் தம்பி மகளுக்கு இப்பத்தான் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. குடும்பத்தை நினைச்சுப் பாருங்க" என்றார் மூப்பர். சுவருக்கு அப்பால் ஒரு கூட்டம் நின்றிருந்தது. அங்கேயிருந்து பாட்டுக்கு மட்டும் குரல் வந்து சேர்ந்தது. மண் தள்ளினார்கள். கொடியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாடு நம்மைக் கேவலப்படுத்துகிறது, வேதக்காரனை மதிக்கவில்லை என்று இனி யாரும் என்னிடம் வந்து குறைப்படாதீர்கள். உயிரோடிருந்தவரைக் கொல்லையில் உட்கார வைத்தது அவர்கள் என்றால், செத்தவரின் கடைசி ஆசையை மிதித்தது நாம்.

அருளானந்தம் அண்ணனின் பொறுமை எனக்கு வராது. அவருடைய சிரிப்பும் வராது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நீங்கள் அவருக்குக் கொடுக்காத அந்த இடம். சுவருக்கு அந்தப் பக்கம் அது வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதை எனக்கென்று கேட்கிறேன். செத்தவரை ஏமாற்றுவது சுலபம், எழுந்து வந்து கேட்கமாட்டார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். முடியாது என்பவர்கள் என் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.