சாமி வீட்டில் மீன் வேகக் கூடாது

நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது எங்கள் நாய்க்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகு முழுக்கச் செதில் செதிலாக உரிந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம் வேறு. அப்பா ஒரே பேச்சில் முடித்தார்.

"முடி மொளச்சா இருக்கட்டும். இல்லேன்னா ஆத்தூர் டேம் பக்கம் கொண்டுபோயி விட்டுருவேன்."

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். "நாங்க திங்கிறதுதான் சார்" என்றேன் பெருமையாக.

"அதாம்மா கேடு. உப்பு, மொளகா, வெங்காயம் எல்லாத்தையும் நிறுத்து. மீன வேகவெச்சு முள்ளெடுத்துப் போடு. முட்டை, பூசணிக்கா, கொஞ்சம் சோறு. தோலு உள்ள இருந்துதாம்மா வளரணும்."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெட் சென்டரிலும் உட்கார்ந்து தேடினேன். அதிலும் கிட்டத்தட்ட அதுதான். கொல்லையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து, தினமும் ஜிலேபி மீனை வேகவைத்து, முள் பொறுக்கிப் பிசைந்து போட்டேன்.

"எனக்கு ஒரு நா இப்புடி முள்ளெடுத்துக் குடுத்திருப்பியாடி?" என்றாள் அம்மா.

"உனக்குச் சொறி வரட்டும், பாக்கலாம்."

தீபாவளிக்குள் புண் ஆறியது. பொசுபொசுவென்று முடி எட்டிப் பார்த்தது. அப்பாகூட ஈசி சேரில் உட்கார்ந்தபடி கால் விரலால் அதன் முதுகைத் தேய்த்துவிட்டார்.

மார்கழியில் அவர் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டார். மாலை போட்டால் வீட்டில் கவிச்சி கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், கழற்றும்வரை அவர் அப்பா கிடையாது. சாமி. நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அப்பாவிடம் சண்டை போடலாம். சாமியிடம் என்னத்தைப் போடுவது?

ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டு சுவருக்கு வெளியே போனேன். பஜனைக்கு வந்த குருசாமி, அதாவது யாத்திரைக் குழுவின் தலைவர், மூக்கை உறிஞ்சினார்.

"சாமி, கவிச்சி வாடை அடிக்குதே?"

"பாப்பா நாய்க்கு மீன் வேகவெக்குது சாமி" என்றார் அப்பா, என்னைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி.

"மாலை போட்ட வீட்டுல நாய்க்கென்ன சாமி மீனு? பூசையில மிஞ்சுற பொங்கலு, சாம்பார் சோறு அம்புட்டும் கெடக்கு. அதுக்கும் புண்ணியம்."

"முட்டையாச்சும் போடுறேன் சாமி" என்றேன்.

"ஏத்தா, தைப்பூசம் வரைக்குந்தான. செத்தா போயிரும்?" என்றார் அப்பா.

"சாமி மாலை போட்டது நாய்த் தோலுக்குத் தெரியுமா?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்றே ஸ்டவ் பரண் ஏறியது.

பொங்கலை அது வாலை ஆட்டி ஆட்டித் தின்றது. அந்த வயிற்றெரிச்சலை என்ன சொல்ல? தை பிறப்பதற்குள் பழையபடி முதுகு திறந்துகொண்டது. அதைப் பார்த்து முகம் சுளித்ததும் அதே குருசாமிதான்.

குழு கிளம்பிய அன்று சாயந்தரம் காலேஜ் விட்டு வந்தேன். நாயைக் காணோம்.

"சொறி நாய வீட்டுல வெச்சுக்கிட்டு மலைக்கு நடக்கக் கூடாதாம்" என்றாள் அம்மா, அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல். "காலையில மினி லாரியில ஏத்தி விட்டுட்டாக. டேமுல மீனுக்கா பஞ்சம், பொழச்சுக்கும்னு சாமிதான் சொல்லுச்சு."

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, முட்டைகளை அவித்து எடுத்துக்கொண்டு ஆத்தூருக்கு பஸ் ஏறினேன். டேம் பக்கத்து டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொன்னேன். செவலை நாய், முதுகில் முடி இருக்காது.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இங்கன கொண்டாந்து விட்டுட்டுப் போற நாயில எதுக்குத்தா முடி இருக்கு?"

கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். ஒரு கூட்டமே ஓடி வந்தது. எங்களுடையது அதில் இல்லை. முட்டையை உரித்து அதுகளுக்கே போட்டுவிட்டுத் திரும்பினேன். அந்நேரம் அப்பா பழனி ரோட்டில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்திருப்பார். பாதத்தில் தோல் உரிந்தால் தடவிக்கொள்ள அம்மா தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தாள்.