அரோகரான்னு அமுக்குனவரு

திருத்தணி மலையில ஆடிக் கிருத்திகையன்னிக்கு அவரப் பாத்தேன். சந்தனம் பூசுன மொட்டத் தல, காக்கி கோட்டு, கழுத்துல கேமரா. காவடி எடுத்துகினு யாரு படியேறி வந்தாலும் "அரோகரா!"ன்னு கத்துவாரு. அவங்களும் நிமுந்து பாத்து "அரோகரா!"ம்பாங்க. அந்த நேரம் பாத்து டப்புன்னு அமுக்கிடுவாரு.

எனக்கு அப்பவே டவுட்டு. உலக யுத்தம் நடக்குது, பட்டணத்துலயே பிலிம் கெடைக்கல. நான் காலேஜ் பிரண்டுகிட்ட கெஞ்சி ஒரே ஒரு ரோல் வாங்கியாந்து, வீணாயிடுமோன்னு காலையிலேர்ந்து ஒண்ணுகூட எடுக்காம நிக்கிறேன். இந்தாளு தண்ணியா எறைக்கிறாரு.

கிட்டப் போயி கேட்டேன்.

"இன்னா சார், உள்ள பிலிம் கீதா?"

"ஆங், கீது நைனா. உன்னோடதுல?"

"கீதுங்க."

"அப்ப இன்னாத்துக்கு கைக்கொழந்த மாதிரி தூக்கிகினு சுத்துற? அமுக்கு!"

"சரியா விழாதோன்னு..."

"விழாம எங்க போவும்? அரோகரா!"

எனக்கு ரோசம் வந்துடுச்சு. அவரையே எடுத்தேன். அப்புறம் கை நிக்கல, ரோல் மொத்தத்தையும் அங்கியே தீத்துட்டேன்.

கழுவிப் பாத்தா மத்ததெல்லாம் ஆடிப்போயிருந்துச்சு. அவரு படம் மட்டும் ஜோரா விழுந்திருந்துச்சு. கேமராவ கண்ணுல வெச்சிகினு சிரிக்கிறாரு. லென்சு மேல போட்ட மூடி அப்படியே கீது.

தொறக்க மறந்துட்டாரா, இல்ல உள்ள ஒண்ணுமே இல்லியா? அந்தாளு பேச்ச நம்பித்தான் நான் அமுக்குனேன். நான் எடுத்ததுலயே உருப்படியானது அந்தப் படம்தான். யாராவது அத நல்லாருக்குதுன்னு சொன்னா, என் கண்ணு மொதல்ல அந்த மூடிக்குத்தான் போவுது.