இடது கைக்கு இடம் விட்ட சட்டை

அம்மா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற எல்லோரும் அம்மாவை அறிந்தவர்கள். அம்மாவின் பொறுமையைப் பற்றியும் ஜெப வாழ்க்கையைப் பற்றியும் வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டதைப் பற்றியும் மற்றவர்கள் இதில் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். அவர்களுடைய ஒரே மகளான நான் ஒரு சட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்கு மனம் வருந்தும். வருந்தட்டும்.

அம்மா ஒற்றசேகரமங்கலத்தில் பிறந்தார்கள். தகப்பனார் மலைச் சரிவில் மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டவர். அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா பிறந்த சில மாதங்களில் தாயார் இறந்துபோக, அம்மா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தார்கள். பாறசாலைப் பக்கம் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோதும் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். அதனால் மாமாவும் நானும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தோம். பஸ் கண்டக்டராக இருந்த அப்பா, நான் ஹைஸ்கூலில் படிக்கும்போது காலமானார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் மிதி மெஷின்தான் வீட்டை நடத்தியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாவாடையும் நிக்கரும் தைத்தே மாமாவைத் தனுவச்சபுரம் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பின்னால் நானும் அதே பஸ்ஸில் போனேன். மாமா படித்து, நல்ல வேலைக்குப் போய், கல்யாண வயதும் தாண்டிக்கொண்டிருந்தது. தம்பியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் நோய் வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். சில மாதம் கழித்து இடது கை வீங்கத் தொடங்கியது. தோளிலிருந்து விரல் நுனி வரை வீங்கி, வலது கையைப்போல இரண்டு பங்கு ஆனது. கையை இறுக்குகிற எதையும் போடக் கூடாது, தோல் சிறிதும் கிழியக் கூடாது, கிழிந்தால் காய்ச்சல் ஏறி உயிருக்கே மோசம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். அன்றோடு ஜம்பர் என்கிற இறுக்கமான ரவிக்கையைப் போடுவது நின்றது. சேலையும் நின்றது. முந்தானை விழுகிற தோளில்தான் ரணம். வீட்டுக்குள் நைட்டி, வெளியே போவதே இல்லை என்று ஆயிற்று. அம்மா வெளியே வந்து ஆளைப் பார்ப்பதில்லை என்று குறைபட்ட சொந்தங்களுக்குக் காரணம் இதுதான்.

வழி காட்டியவர் ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த கோட்டுகால் ஊர்ப் பெண் ஒருவர். அவருக்கும் இதே நோய். தொளதொளவென்று ஒரு சட்டைக்கான அளவுத்தாள்களைப் பழுப்புக் காகிதத்தில் வெட்டிச் சுருட்டி வைத்திருந்தார். முதுகு, முன்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் தனித்தனித் தாள். அந்த வார்டில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார், அவர்கள் பழைய பத்திரிகைத் தாளில் வரைந்துகொண்டு திருப்பிக் கொடுப்பார்கள். அம்மாவும் வரைந்து எடுத்துவந்தார்கள். முன்பக்கம் முழுக்கப் பட்டன், அதனால் தலைவழியே மாட்ட வேண்டாம். கீழே முண்டு உடுத்தால் மரியாதையாக வெளியே போகலாம். மாமாவுக்குப் பெண் நிச்சயம் ஆனதும், கல்யாணத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போவது என்று அம்மா முடிவு செய்தார்கள்.

நம் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற முடிச்சுகளை அவனுடைய சகோதரி பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். மாமாவுக்கு உடன்பிறந்தவர் அம்மா ஒருவர்தான். அந்த இடத்தில் நிற்க வேண்டும், அதற்கு உடம்பு தாங்குகிற ஓர் உடை வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

நெய்யாற்றின்கரையில் வெள்ளைக் கைத்தறித் துணி எடுத்தோம். வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினார்கள், பிறகு சுருங்கினால் கை மறுபடியும் மாட்டிக்கொள்ளும் என்று. முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்தார்கள். அளவுத்தாள் இரண்டு கையும் ஒன்றாக உள்ளவர்களுக்கானது. அம்மா சட்டையின் இடது கையை மட்டும் அகலமாக வெட்டினார்கள், ஆனால் தோளில் கை சேருகிற குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். அம்மாவின் கை முழங்கை வரை உள்ளே போய் நின்றுவிட்டது. குழியைப் பெரிதாக வெட்டினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறியது. பிறகு கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தார்கள். இடது கையால் துணியைத் தள்ள அவர்களால் முடியாது. அவர்கள் மிதிப்பார்கள், வலது கையால் பிடிப்பார்கள், இந்தப் பக்கம் நான் தள்ளிக்கொடுப்பேன். தையல் கோணினால் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் வரும், அவர்களுக்கு வராது. இடதுபக்கம் வெறுமையாகத் தெரியாதபடி மார்புக்கு மேலே இருபுறமும் சின்னச் சுருக்கம் வைத்தார்கள். சட்டைக் கையின் ஓரத்தில் பொன்னிழைக் கசவுக் கரை. போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினார்கள்.

“பிள்ளே, கையி மேல போவுது பாத்தியா,” என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமா வந்தார். கூடவே அம்மாவின் பெரியப்பா மகள், நான் பெரியம்மை என்று அழைக்கிறவர்கள். அம்மா சட்டையை எடுத்துக் காட்டினார்கள். மாமா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“எக்கா, இது ஆசுபத்திரி உடுப்பு மாதிரி இருக்கு. பெண்ணுவீட்டுக்காரங்க பேருள்ள ஆளுவளாக்கும். ஒரு நாளைக்கு நீ சேலை உடுத்தா போரும்.”

“ஜம்பருக்குள்ள எனக்க கையி கேறாதுடே மக்கா,” என்றார்கள் அம்மா.

“முடியாதுண்ணா நீ வீட்டுல இரி. முடிச்சு நான் போட்டுக்கிடுவேன்,” என்றார்கள் பெரியம்மை.

மாமா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. நம் குலத்துப் பெண்கள் ஒரு காலத்தில் மேலே சட்டை போட்டதற்காகச் சந்தையில் வைத்து அடிபட்டார்கள் என்றும், மிஷன் துரைசாணிகள் தைக்கச் சொல்லிக்கொடுத்த தொளதொளச் சட்டையைப் போட்டே ஆலயத்துக்கு வந்தார்கள் என்றும் சபை விழா தோறும் மேடையில் பெருமை பேசுகிறோம். மாமாவே நன்றாகப் பேசுவார். அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள்தான் என் அம்மாவை ஒரு சட்டைக்காக வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

அம்மா சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார்கள். பெட்டியிலிருந்து பட்டு ஜம்பரை எடுத்து, உள்ளே விட்டிருந்த தையலையெல்லாம் பிரித்துவிட்டார்கள். அப்படியும் போதவில்லை. கக்கத்தில் துண்டு வைக்கப் பார்த்தபோது, ஒட்டுப்போட்டது வெளியே தெரியும் என்று பெரியம்மை தடுத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் கையில் பவுடரைத் தடவி, நானும் இன்னும் இரண்டு பெண்களும் பிடித்திழுத்து அந்தக் கையை உள்ளே ஏற்றினோம். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. பெண்ணுக்குப் பின்னால் நின்று, மடங்காத விரல்களால் முடிச்சைப் போட்டார்கள். அக்கா என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று பந்தியில் எல்லோரும் புகழ்ந்தீர்கள். அப்போதே அம்மாவின் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. வீட்டுக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். நடுவில் எழுந்து போனால் தம்பிக்குக் குறைச்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஜம்பரைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. ஜம்பர் கையின் விளிம்பு பதிந்த இடத்தில் தோல் வட்டமாகக் கிழிந்திருந்தது. மறுநாள் கை சிவந்து காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம், மறுபடியும் போனோம். பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அம்மா தன் காலால் படி இறங்கி நான் பார்க்கவில்லை. மாமா வந்து கட்டிலருகே அழுதபோது, அவர் தலையை வலது கையால் தடவி, “போவட்டு மக்கா, எனக்க விதி,” என்றார்கள். அது விதி அல்ல என்று எனக்குத் தெரியும், அங்கே நின்றவர்களுக்கும் தெரியும்.

அடக்கத்தன்று அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்த வந்த பெண்கள், கை எந்த ஜம்பருக்குள்ளும் போகவில்லை என்று திகைத்து நின்றார்கள். பெரியம்மைதான் அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தார்கள். “இதையே இடுங்க. நல்ல வெள்ளையாக்கும்,” என்றார்கள். கை தடையில்லாமல் உள்ளே போயிற்று. பெண்வீட்டார் வந்தார்கள். சபையார் எல்லோரும் வந்தார்கள். வரிசையாக வந்து முகம் பார்த்தார்கள். அந்தச் சட்டையைப் பார்த்து அன்று ஒருவர் முகமும் கோணவில்லை. ஆஸ்பத்திரி உடுப்பு என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத அனுமதி அம்மாவுக்கு இப்படிக் கிடைத்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. பெயர்கூடக் கேட்டு வைக்காமல் போன அந்தக் கோட்டுகால் சகோதரிக்கு என் முதல் நன்றி. கூப்பிட்ட நேரத்திலெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஓட்டி வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், துக்க வீட்டுக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்த இந்து, கிறிஸ்தவ அயல்வீட்டார் அனைவருக்கும் நன்றி. அடக்கச் செலவையும் இந்த மலரின் செலவையும் மாமாவே ஏற்றுக்கொண்டார். இதை எழுதி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, “எழுதினது எழுதினபடி இருக்கட்டு,” என்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன். அம்மா அவரை மன்னித்துவிட்டுத்தான் போனார்கள். என்னால் இன்னும் முடியவில்லை.