பொந்துக்கு வைத்த தீ

மகாதேவி எதையும் மறக்கமாட்டாள். ஒருமுறை ஈரச் சீனியை நிறுத்துக் கொடுத்த கடைக்காரரிடம், அவர் சாகும்வரை அவள் ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்கவில்லை. செத்தவீட்டுக்குப் போகத்தான் போனாள். ஆனால் அங்கே கொடுத்த தேத்தண்ணியில் அந்தக் கடைச் சீனிதான் போட்டிருப்பார்கள் என்று குடிக்காமலே திரும்பி வந்தாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைச் சண்டைக் காலத்தில் மயிலிட்டியிலிருந்து எழுப்பித் துரத்தி, தலை நரைக்கும்வரை ஊருக்குள் விடாமல் வைத்திருந்தால் அவள் மனதில் எவ்வளவு கறுவம் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆமி காணியைத் திருப்பி விட்டபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. ஒழுங்கையில்லை, வேலியில்லை, எல்லைக்கல்லும் இல்லை. எல்லாவற்றையும் இயந்திரத்தால் வழித்து மட்டமாக்கியிருந்தார்கள். பற்றைக்குள் மிஞ்சியது ஒரு கிணறும், அதற்குக் கிழக்கே எல்லையில் நின்ற கிழட்டுப் பூவரசும்தான். பூவரசைக் கண்ட பிறகுதான் அவளுக்குத் தன் வளவு எது என்று பிடிபட்டது. அந்தக் கரையில் உப்புக் கரிக்காத கிணறு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். கிணற்றடியில் குந்தியிருந்து அவள் அழுத அழுகை அன்று கடற்கரைவரை கேட்டது.

புதிதாகக் கட்டிய சின்ன வீட்டுக்குள் அவளுக்கு முதலே சிலந்திகள் குடிபுகுந்திருந்தன. மகாதேவி கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று ஒவ்வொரு மூலையாக அடித்தாள். காலையில் அடித்த மூலையில் பின்னேரம் புது வலை தொங்கும். அவள் விடவில்லை. காணியைப் பிடித்து வைத்திருந்தவர்களிடம் போய் அவளால் ஒன்றும் கேட்கமுடியாது. சிலந்தியிடம் கேட்கலாம்.

"அதுகள் நுளம்பைத் தின்னுதுகள், விடன்," என்பார் அவள் கணவர் நடராசா. "நாங்கள் இல்லாத காலத்திலை உதுகள்தானே இஞ்சை இருந்ததுகள்."

"இல்லாத நேரம் வந்து குந்தினதெல்லாம் வீட்டுக்காரரெண்டால், அப்ப நாங்கள் ஆர்?" என்பாள் அவள். நடராசா மீன்வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்.

அந்த நல்ல மனிதருக்கும் ஒரு கள்ளம் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் சாராயப் போத்தலைப் பூவரசம் பொந்துக்குள் வைத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் பொந்துக்குள் கையை விட்டவர் "ஐயோ" என்று கத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். மகாதேவி ஓடிப் போனபோது, உள்ளங்கையை மூடும் அளவுக்கு ஒரு சிலந்தி, உடம்பெல்லாம் மயிரும் காலில் மஞ்சள் வரியுமாக, பொந்துக்குள் பின்வாங்குவதைக் கண்டாள்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் என்ன கடித்தது என்று கேட்டார். மகாதேவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "முகச் சிலந்தி," என்றாள். அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் சோதனைச் சாவடிக் காலத்தோடு அவளுக்கு வந்தது.

"புலிமுகச் சிலந்தியோ அம்மா?" என்று டொக்டர் பலமாகவே கேட்டார். மகாதேவி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்பிடாதையுங்கோ, உயிருக்கு ஒண்டும் ஆகாது," என்றார் டொக்டர். "ஆனால் கொஞ்ச நாளைக்குத் தசை பிடிச்சுப் பிடிச்சு இழுக்கும். அது தேடிவந்து கடிக்கிற சாமானில்லை. பழைய மரப் பொந்து, ஓட்டு இடுக்கு, அடுக்கி வைச்ச விறகு, உதுகளுக்கைதான் கிடக்கும். பொந்தைச் சீமெந்தாலை அடைச்சுவிடுங்கோ. விறகைச் சுவரோடை அடுக்காதையுங்கோ. எடுக்க முதல் தடியாலை தட்டிப் பாருங்கோ. அவ்வளவுதான்."

சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்தது. மனதில் தங்கியது பொந்து மட்டும்தான்.

அது மீன் நன்றாகப் படுகிற காலம். நடராசாவின் வலக்கை விரல்கள் கயிற்றைப் பிடித்தால் விடமாட்டா, விட்டால் பிடிக்கமாட்டா. மற்ற வள்ளங்கள் கடலுக்குப் போய் வர, அவர் வாசலில் இருந்து விரலை நீவிக்கொண்டிருந்தார். சாராயத்துக்காக அவரை மகாதேவி ஏசிய ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் கட்டின மனுசனை அவள் ஏசலாம், ஒரு பூச்சி கடிக்கக்கூடாது. சோற்றைக் குழைத்து அவருக்கு ஊட்டும்போதெல்லாம் பூவரசைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பொந்துக்குள் உப்புத்தண்ணீர் ஊற்றினாள், டெற்றோல் ஊற்றினாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

கிழக்குப் பக்கத்து வளவு கனகாம்பிகையுடையது. அவள் நடராசாவின் ஒன்றுவிட்ட தங்கை, மகாதேவிக்கு மச்சாள். அவளும் அப்போதுதான் திரும்பிவந்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கிணற்றில் ஊறுவது உப்புத்தண்ணீர், அதனால் நாள்தோறும் குடத்தோடு இங்கேதான் வருவாள்.

"உப்புத்தண்ணிக்கு உது சாகுமே மச்சாள்?" என்றாள் கனகாம்பிகை. "நெருப்பு வை. அண்ணையின்ரை கையைப் பாக்க என்ரை வயிறு பத்துது. நான் மண்ணெண்ணெய் தாறன்."

மகாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

வேண்டாம் என்று நடராசா சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? பொந்துக்குள் பழந்துணியைத் திணித்து, மண்ணெண்ணெயை ஊற்றி, நெருப்பை வைத்தாள். உள்ளே உளுத்துப்போன மரம், குப்பென்று பிடித்தது. சிலந்தி வெளியே வந்தால் அடிக்கத் தும்புத்தடியோடு அவள் அசையாமல் காவல் நின்றாள். வரவில்லை. பொழுதுபடும் நேரம் அடிமரம் முறிந்து, தலைப்பகுதி கனகாம்பிகையின் பக்கம் சரிந்தது. மகாதேவி கையைத் தட்டித் துடைத்தாள். ஊர் விட்டுப் போன நாள்முதல் அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக நித்திரை வந்ததில்லை.

மறுநாள் நடராசாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பியபோது வளவில் ஏதோ குறைந்திருந்தது. பூவரசின் அடிக்கட்டை இல்லை. அது நின்ற இடத்தில் ஜேசிபியின் சில்லுத் தடம் மட்டும் கிடந்தது. கிணற்றுக்கு மேற்கே, அவளுடைய பக்கமாக, பச்சைக் கதியால் கம்புகள் வரிசையாக நட்டுத் தகரம் அடைத்திருந்தது. கிணறு தகரத்துக்கு அப்பால் நின்றது.

"என்ன மச்சாள் இது?" என்றாள். தகரத்துக்கு அப்பால் கனகாம்பிகை நின்றாள்.

"எல்லைக்கு வேலி போட்டனான். வேறையென்ன?"

"எல்லை பூவரசெல்லே."

"எந்தப் பூவரசு?" என்று கேட்டாள் கனகாம்பிகை.

ஊர்க் காணி விவகாரம் பார்க்கிற விதானையார் வந்தார். எல்லைக்கு அடையாளம் என்ன என்று கேட்டார். மகாதேவி வெறும் மண்ணைக் காட்டினாள்.

"அதிலை மரம் நிண்டது ஐயா."

"இப்ப எங்கை அம்மா மரம்?"

"எரிஞ்சுபோச்சு."

"ஆர் எரிச்சது?"

"நான்தான்," என்றாள்.

வழக்குப் போடச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். ஒரு கதியாலுக்குப் போட்ட வழக்குப் பேரப்பிள்ளை காலம்வரை இழுபடுவதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் கண்டவர்கள்.

அதற்குப் பிறகு மகாதேவி தன் கிணற்றுத் தண்ணீருக்கே தகரப் படலையில் தட்டிக் கேட்கவேண்டி வந்தது. அதுவரை அவளை "நீ" என்றழைத்த கனகாம்பிகை "நீர்" என்று எட்டவைத்துக் கதைக்கத் தொடங்கினாள். "இண்டைக்கு ரெண்டு குடத்தோடை நிப்பாட்டும்," என்பாள். மகாதேவி இரண்டு குடத்தை மட்டும் நிறைத்துக்கொண்டு வருவாள். தன் கையால் வைத்த நெருப்பு என்பதுதான் அவளைத் தின்றது. சிலந்தியை மறந்தே போனாள். எந்நேரமும் கனகாம்பிகையின் நினைவுதான்.

ஒருநாள் காலை குடத்தோடு போனவள் கிணற்றடியில் நின்றபடி எதிரே பார்த்தாள். கனகாம்பிகையின் குசினிச் சுவரோடு சேர்த்து, இடுப்பளவுக்கு விறகு அடுக்கியிருந்தது. எல்லாம் பூவரசங்கொம்புகள். அன்று இந்தப் பக்கம் சரிந்த தலைப்பகுதியை மச்சாள் வீணாக்கவில்லை. சில கொம்புகளில் கரி பிடித்திருந்தது, ஒன்றில் கை நுழையுமளவு ஓட்டை இருந்தது.

ஓட்டைக்குள் இருந்து ஒரு கால் வெளியே வந்தது. மயிர் மூடிய கால், மஞ்சள் வரி. பிறகு இன்னொன்று. முன்காலில் ஒன்று பாதியோடு கருகியிருந்தது. வெயிலைப் பார்த்ததும் அது மெதுவாக உள்ளே போய்விட்டது.

கிணற்றுக்கட்டில் சாத்தியிருந்த தும்புத்தடியை மகாதேவி எடுத்தாள். அவள் கை தானாகவே உயர்ந்தது. நடராசாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. டொக்டர் சொன்னதும் ஒவ்வொன்றாக, இப்போதுதான் சொன்னதுபோல நினைவுக்கு வந்தது. சுவரோடு அடுக்காதையுங்கோ. தட்டிப் பாருங்கோ. உயிருக்கு ஒண்டும் ஆகாது.

குசினிக் கதவு திறந்தது. அடுப்பு மூட்ட விறகெடுக்க வந்த கனகாம்பிகை, அவள் நிற்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன உதிலை நிண்டு பாக்கிறீர்?"

மகாதேவி தும்புத்தடியைக் கிணற்றுக்கட்டில் சாத்தி வைத்தாள்.

"ஒண்டுமில்லை மச்சாள்," என்றாள். "விறகு நல்ல வடிவா அடுக்கியிருக்கிறீர்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், ஆறுதலாக நடந்து வந்தாள்.